உலகக் குடிமக்களை உருவாக்குவோர் யார்?

சென்ற மாதத்தில் ஒருநாள், மாலைச் செபமாலை முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, நம் மேசைமீது தடித்த உறை ஒன்று கிடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் விடுதிக் காப்பாளராகப் பணியாற்றிய கல்லூரியின் செயலர் அதனை அனுப்பியிருந்தார். தம் கல்லூரியில் 'உலகக் குடிமை மையம்' ஒன்றை நிறுவ எண்ணியிருப்பதாகவும், அதற்கான திட்டத்தைப் படித்து நம் கருத்தை ஒரு வாரத்திற்குள் எழுத வேண்டுமென்றும் அன்புடன் கேட்டிருந்தார்.

திட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. முதற்பக்கத்தில் எழும்பவிருக்கும் கட்டடத்தின் வண்ணப்படம். அதன் வாயிலில் வரிசையாகக் கொடிக்கம்பங்கள். உள்ளே கருத்தரங்கக் கூடம், நூலகம், விருந்தினர் அறைகள். எந்தெந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு பட்டியல். கடைசிப் பக்கத்தில் 'வழிநடத்துவோர்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நான்கு பேராசிரியர்களின் பதவிப் பெயர்கள். அவ்வளவே.

ஒரு வாரத்தில் எழுதிவிடலாம் என்றுதான் நாமும் எண்ணினோம். மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. எழுத அமரும்போதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தில் கண் நின்றுவிடும். உடனே, அதே கல்லூரியின் விடுதியில் நாம் கண்ட ஓர் இளைஞனின் முகம் நம் எதிரே வந்து நிற்கும். அந்த முகத்திற்குப் பதில் சொல்லாமல் செயலருக்குப் பதில் எழுதுவது நேர்மையாகாது என்று உணர்ந்தோம். அவருக்கு எழுதியதையே இங்குச் சற்று விரித்து, நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

முதலில், இத்தகைய மையம் என்பது யாது? உலகக் குடிமகன் என்று ஒருவனுக்கு எந்த நாடும் கடவுச்சீட்டு வழங்குவதில்லை, வாக்குச்சீட்டும் தருவதில்லை. அது சட்டத்தால் வரும் உரிமையன்று. பழக்கத்தால் வரும் பண்பு. அந்தப் பழக்கத்தைக் கற்பிக்கவே மேலைநாட்டுக் கல்லூரிகள் சில தனி மையங்களை அமைத்துள்ளன. வெளிநாட்டு மாணவரை வரவேற்று ஆதரிப்பது, தம் மாணவரை ஒரு பருவகாலம் வேறு நாட்டில் தங்கிப் பயில அனுப்புவது, தம் நகரத்திலேயே வறியோரும் வந்தேறிகளும் வாழும் பகுதிகளில் பணியாற்றச் செய்வது, உலகச் சிக்கல்களைப் பற்றி அறிஞரை அழைத்து உரையாடச் செய்வது ஆகியவை அவற்றின் வேலைகள்.

அத்தகைய மையம் ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 2019-ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை, நம் ஆயரின் அனுமதியோடு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் தலைநகரான செயின்ட் பாலில், ஒரு பங்கில் உதவிக் குருவாகப் பணிபுரிந்தோம். கிராண்டு வீதியும் ஸ்னெல்லிங் வீதியும் சந்திக்கும் இடத்தில் மெக்காலஸ்டர் கல்லூரி இருக்கிறது. 1874-இல் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் எட்வர்டு நீல் என்பவர் நிறுவியது. 1942-இல் அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தாரை, குற்றம் ஏதுமின்றி, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோராக முகாம்களில் அடைத்தபோது, அவர்களுள் சில மாணவருக்குக் கதவு திறந்த கல்லூரி அது. 1950 முதல் அங்கே அமெரிக்கக் கொடியோடு ஐக்கிய நாடுகள் சபையின் கொடியும் பறந்து வருகிறது.

2005-இல் அக்கல்லூரி உலகக் குடிமைக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் முதல் தலைவராக அமைந்த பேராசிரியர் அகமது சமதார் சோமாலி நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவிலேயே சோமாலியர் மிகுதியாகக் குடியேறிய மாநிலம் மினசோட்டா. 1975-க்குப் பின் இந்தோசீனப் போரால் வீடிழந்த லாவோசு நாட்டு மோங் இனத்தாரும் செயின்ட் பால் நகரில் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஆகவே அக்கல்லூரி மாணவர் உலகைத் தேடி விமானம் ஏற வேண்டுவதில்லை. வாயிலைத் தாண்டினாலே உலகம் எதிர்ப்படும். 2009-இல் அந்நிறுவனத்திற்கு மார்க்கிம் மண்டபம் என்னும் கட்டடம் எழுந்தது. 2018-இல் அதற்குக் கோபி அன்னானின் பெயர் சூட்டப்பட்டது.

கோபி அன்னானை நம் வாசகர் அறிவர். 1997 முதல் 2006 முடிய ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலராக இருந்தவர். 2001-இல் அச்சபையும் அவரும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆப்பிரிக்காவில் அன்று 'தங்கக் கடற்கரை' என்றும் இன்று கானா என்றும் வழங்கும் நாட்டில், குமாசி நகரில் 1938-இல் பிறந்தவர். அவர் மெக்காலஸ்டர் கல்லூரியின் பழைய மாணவர். 1959-இல், அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் உதவித்தொகை பெற்று அங்கே வந்து சேர்ந்து, 1961-இல் பொருளியலில் பட்டம் பெற்றார்.

அந்த மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. மினசோட்டாவின் குளிர்காலம் கொடியது. வெப்பமானி பூச்சியத்திற்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்கிவிடும். வெப்ப நாட்டிலிருந்து வந்த இளைஞர் அன்னான், கனத்த மேலுடைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அணியச் சம்மதித்தார். ஆனால் காதுகளுக்கு அங்குள்ளோர் அணியும் கம்பளி மூடி மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. பார்ப்பதற்கு விகாரமாக இருக்கிறதென்று மறுத்துவிட்டார். ஒருநாள் உணவு வாங்க வெளியே சென்றவர், காதுகள் உறைந்து விழுந்துவிடுமோ என்று அஞ்சும் நிலைக்கு வந்தார். உடனே கடைக்கு ஓடி, கிடைத்தவற்றுள் மிகப் பெரிய மூடியை வாங்கி மாட்டிக்கொண்டாராம். புதிய இடத்திற்குச் செல்பவன், அவ்விடத்து மக்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று ஒருபோதும் எண்ணலாகாது என்பதே அன்று கற்ற பாடம் என்பார்.

இக்கதையை நாம் முதன்முதலில் கேட்டது மினசோட்டாவில் அன்று. நம் விடுதியறையில், ஓர் இருபது வயது மாணவனின் வாயிலிருந்து கேட்டோம். அந்த மாணவனும் கானா நாட்டவன்.

2000-ஆம் ஆண்டில், இந்திய அரசின் உதவித்தொகை பெற்று அவன் நம் கல்லூரிக்கு வந்தான். உயரமானவன், குறைவாகப் பேசுபவன், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் நிற்பான். அவனை வரவேற்க நாம் செய்தவை யாவை? விடுதி விதிகள் அச்சிட்ட தாளைக் கொடுத்தோம். அறைச் சாவியைக் கொடுத்தோம். பிறகு நம் நாட்டுப் பழக்கங்களைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். இடக்கையால் எதையும் கொடுப்பதும் வாங்குவதும் இங்கே மரியாதைக் குறைவு என்றோம். இங்கே கரண்டியும் முள்ளும் இல்லை, கையால்தான் உண்ண வேண்டும், பழகிக்கொள் என்றோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் நாட்டிலும் இடக்கையை நீட்டுவது அவமதிப்புத்தான், பாதர். நாங்களும் வலக்கையால்தான் உண்போம்" என்றான். நாம் சற்று வெட்கினோம். ஆனால் அவன் நாட்டைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நமக்கு அடுத்த வேலை காத்திருந்தது.

சில வாரங்களில் விடுதி மாணவர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தனர். அவன் நிறத்தை வைத்து எழுந்த பெயர். அதனை இங்கே எழுதப்போவதில்லை. குளிக்குமிடத்திலும் விளையாட்டுத் திடலிலும் மாடிப்படியிலும் அப்பெயர் கூவப்பட்டது. தமிழறியாத அவன் முதலில் அதை வாழ்த்து என்று எண்ணி, கையை உயர்த்திப் புன்னகை செய்தானாம். பொருளை யாரோ சொன்ன பிறகு புன்னகை நின்றுவிட்டது. ஒருமுறை நம் காதுபடவே ஒரு மாணவன் அதைச் சொன்னான். சுற்றி நின்றவர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். வாசகர் இவ்வாக்கியத்தை விரைந்து கடந்துவிட வேண்டாம். காப்பாளராகிய நாமும் சிரித்தோம்.

2001 அக்டோபரில் நோபல் பரிசுச் செய்தி வந்தது. கல்லூரியில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினோம். நாமே முக்கியப் பேச்சாளர். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை முழங்கி, மானிடர் யாவரும் ஒரே குடும்பம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கைதட்டல் பலமாக இருந்தது. கூடத்தின் பின்புறத்தில் கானா நாட்டு மாணவன் அமர்ந்திருந்தான். அவனுக்கு இருபுறமும் ஒவ்வோர் இருக்கை காலியாக இருந்தது. மேடையிலிருந்து அதைக் கண்டோம். கண்டும் பேச்சை நிறுத்தவில்லை.

அன்றிரவு அவன் நம் அறைக்கு வந்தான். தன் நாட்டவரைப் பாராட்டியதற்கு நன்றி சொன்னான். 'கோபி' என்பது தங்கள் அக்கான் மக்களின் வழக்கப்படி வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு இடும் பெயர் என்றும், தன் பெயரும் அவ்வாறே ஒரு கிழமையின் பெயர் என்றும் சொன்னான். பதினெட்டு மாதங்களாக அவன் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதி வந்தும், அதன் பொருளை அன்றுதான் அறிந்தோம். பிறகு காதுமூடிக் கதையைச் சொன்னான். இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இங்கே குளிர் இல்லை, பாதர். ஆனாலும் காதுகளை மூடிக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டும்" என்றான்.

அவன் சொன்னது நமக்கு நன்றாக விளங்கியது. ஆயினும் விளங்காதவர்போல் நடந்துகொண்டோம். பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வதை மனத்தில் கொள்ளாதே, பொறுமையாயிரு, எல்லாம் சரியாகிவிடும் என்று கூறி ஆசீர் அளித்து அனுப்பினோம். குருமடத்தில் ஆன்ம வழிகாட்டலைப் பற்றிப் பல ஆண்டுகள் பயின்றிருந்தோம். அந்தப் பயிற்சி முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிக எளிதான பதிலைத் தேர்ந்துகொண்டோம்.

ஒரு வாரம் கழித்து விடுதிச் சமையற்காரர் நம்மிடம் வந்தார். குமரிக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். மாணவர் யாவரும் 'அண்ணாச்சி' என்றழைக்கும் பெரியவர். "சாமி, அந்த வெளிநாட்டுப் பிள்ளை மூன்று நாளாய்ச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுப் போகிறது. ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்லுகிறது. அந்தப் பிள்ளை வீட்டில் என்னதான் சாப்பிடும் என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார்.

வந்து ஒன்றரை ஆண்டு ஆன மாணவனிடம் அக்கேள்வியை முதன்முதலில் கேட்டவர் அவரே. நாம் மொழிபெயர்ப்பாளராக மட்டும் நின்றோம். மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் அவித்து, உரலிலிட்டு இடித்து, பிசின்போல் திரண்டு வந்ததும் உருட்டி, நிலக்கடலையும் மிளகாயும் மீனும் சேர்ந்த குழம்பில் தோய்த்து உண்பது தங்கள் வழக்கம் என்றான் மாணவன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "மரச்சீனியும் மீன் குழம்புமா? நம் வீட்டுச் சாப்பாடல்லவா!" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சமையற்கட்டின் பின்புறம் உரலும் உலக்கையும் வந்தன. கானாவில் ஒருவர் நின்று இடிக்க, மற்றொருவர் உரலருகே அமர்ந்து அதைப் புரட்டிக் கொடுப்பாராம். மாணவன் இடித்தான். அண்ணாச்சி புரட்டினார். உலக்கை விழும் இடைவெளியில் கையை விட்டு எடுப்பதற்கு ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அவ்விருவரும் அரைமணி நேரம் அவ்வேலையைச் செய்தனர்.

வேடிக்கை பார்க்க வந்த மாணவரும் அன்று சுவை பார்த்தனர். அப்போது ஒருவன் பழக்க தோஷத்தால் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டான். அண்ணாச்சி அகப்பையைக் கீழே வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாதவனுக்கு என் கையால் இரண்டாம் முறை குழம்பு இல்லை" என்றார். அவ்வளவுதான். மேடையும் ஒலிபெருக்கியும் முக்கால் மணி நேரமும் செய்யாததை அந்த அகப்பை செய்தது. ஒரு மாதத்தில் பட்டப்பெயர் மறைந்தது. மாணவர் அவனுடைய பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டனர். அவன் தமிழில் 'அண்ணாச்சி' என்று சொல்லக் கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பும் எண்ணத்தையும் விட்டான். 2003-இல் பட்டம் பெற்றே சென்றான்.

மறு ஆண்டு கானாவிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தமையால் அதை நம்மிடம் கொண்டுவந்து வாசித்துச் சொல்லக் கேட்டார். இரண்டு பக்கக் கடிதம். தாய் நலமென்றும், தனக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறதென்றும், தன் பள்ளிக்குத் தொலைதூரத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் முதலில், 'வீட்டில் என்ன சாப்பிடுவாய்?' என்றுதான் கேட்பதாகவும் எழுதியிருந்தான். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாம் கடைசி வரிவரை வாசித்தோம். அதில் நம்மைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறையும் இல்லை, நிறையும் இல்லை. அவன் நினைவில் நாம் இல்லை. அதைவிடக் கடுமையான தீர்ப்பு ஒரு வழிகாட்டிக்கு வேறென்ன இருக்க முடியும்?

இவற்றையெல்லாம் சுமந்துகொண்டுதான் 2020 சனவரியில் ஒருநாள் மெக்காலஸ்டர் கல்லூரியை நோக்கி நடந்தோம். புறப்படும்போது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஒரு கம்பளிக் காதுமூடியை நீட்டினார். மறுபேச்சின்றி வாங்கி மாட்டிக்கொண்டோம். இரு கொடிகளையும் கண்டோம். மார்க்கிம் மண்டபத்தினுள் சென்றபோது, மேசையருகில் இருந்த அலுவலகப் பெண்மணி எழுந்து வந்து நம் பெயரைக் கேட்டார். நம் நீண்ட தமிழ்ப் பெயரை அவரால் ஒரே முறையில் சொல்ல இயலவில்லை. சுருக்கமாக அழைக்கலாம் என்றோம். அவர் இசையவில்லை. மீண்டும் இருமுறை சொல்லச் சொல்லி, தாமும் சொல்லிப் பார்த்து, சரியாக வந்த பிறகே நம்மை உள்ளே அழைத்துச் சென்றார். அவர் பேராசிரியர் அல்லர். ஆயினும் அன்று அந்நிறுவனத்தின் நோக்கத்தை நமக்கு விளக்கியவர் அவரே.

அக்கல்லூரி குறையற்றது என்று வாசகர் எண்ண வேண்டாம். நாம் அந்நகரில் இருந்தபோதே, 2019 நவம்பரில், அங்கே ஒரு பெரும் விவாதம் எழுந்தது. கல்லூரியின் நிறுவனராகிய எட்வர்டு நீல், அம்மண்ணின் பூர்வ குடிகளை இழித்து எழுதியவர் என்பதை மாணவர் இதழ் எடுத்துக்காட்டியது. அக்கல்லூரி நிற்கும் நிலமே டக்கோட்டா மக்களுடையது. அதே மாதத்தில் கல்லூரியின் அறங்காவலர்கள் ஒரு கட்டடத்திலிருந்து நீலின் பெயரை அகற்றினர். எழுபதாண்டு காலம் உலகக் கொடியை ஏற்றி வந்த இடத்திலும், தன் காலடி மண்ணுக்கு உரியோரை நினைக்க ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. நினைவூட்டியவர் மாணவர், கேட்டுத் திருந்தியவர் பெரியோர். வழிகாட்டியும் வழிகாட்டப்பட வேண்டியவனே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

கோபி அன்னானின் வாழ்வும் அதையே சொல்கிறது. 1994-இல் உருவாண்டா நாட்டில் ஏறத்தாழ நூறு நாட்களில் 8,00,000 பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. அப்போது அச்சபையின் அமைதி காக்கும் படைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் அன்னான். அன்று தம்மால் இயன்றதைச் செய்வதாகவே நம்பியதாகவும், ஆனால் எச்சரிக்கை எழுப்பவும் ஆதரவு திரட்டவும் தாம் இன்னும் செய்திருக்கக் கூடியதும் செய்திருக்க வேண்டியதும் இருந்தன என்று பின்னர் உணர்ந்ததாகவும் 2004-இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். நோபல் பரிசு பெற்ற பின்னும் அவ்வாறு சொல்ல முன்வந்தாரே, அதில் உலகக் குடிமையின் ஒரு பெரும்பகுதியைக் காண்கிறோம். ஒரு விடுதியில் ஒரு மாணவனுக்குச் செய்யத் தவறியதை அந்தப் பேரழிவோடு ஒப்பிடுவது தகாது. ஆனால் 'இன்னும் செய்திருக்கலாம்' என்னும் சொல்லைச் சொல்லும் துணிவு பெரியவனுக்கும் சிறியவனுக்கும் ஒருங்கே வேண்டியது.

செயலருக்கு விடை எழுதுமுன், ஓய்வுபெற்றுத் தம் ஊரில் வாழும் அண்ணாச்சியைப் பார்த்து வந்தோம். எண்பதை நெருங்குகிறார். திட்டத்தின் படங்களைக் காட்டி, வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் வரப்போகிறார்கள் என்றோம். கட்டடத்தை வியந்து பார்த்தார். பிறகு, "சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, சாமி?" என்று கேட்டார். பதினெட்டுப் பக்கங்களையும் புரட்டினோம். கூடத்திற்கும் கொடிக்கும் இடமிருந்தது. சமையற்கட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்றிரவே விடையை எழுதி முடித்தோம். அதன் சாரம் இது: மையத்தைக் கட்டுக, தடையில்லை. ஆனால் வழிநடத்தும் குழுவில் பேராசிரியர் நால்வரோடு, விடுதிச் சமையற்காரரும், சான்றிதழ் வழங்கும் அலுவலக எழுத்தரும், இரவுக் காவலரும் இடம் பெறுக. புதிதாய் வந்த மாணவன் பேராசிரியரை நாளுக்கு ஒரு மணி நேரம் காண்கிறான். இவர்களையோ நாள் முழுவதும் காண்கிறான். வெளிநாட்டு மாணவர் இருவர் அக்குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். நம் பழக்கங்களை அவர்களுக்குச் சொல்லுமுன், அவர்கள் பழக்கங்களை நாம் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் குழு ஒன்றுகூடி, சாதித்தவற்றை மட்டுமல்ல, தவறியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் நம் தவற்றை நாமே எழுதித் தரச் சித்தமாயிருக்கிறோம் என்றும் குறிப்பிட்டோம்.

அன்பு வாசகர்களே, கல்லூரி மையம் நமக்கெதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனை நாம் எப்போதும் புகழ்கிறோம். ஆனால் மறுநாளே அவன் புறப்பட்டுவிட்டான். அதன்பின் அந்த அந்நியனுக்குக் கட்டு மாற்றி, கஞ்சி கொடுத்து, நடக்க வைத்தவன் யார்? இரண்டு வெள்ளிக்காசுகளைப் பெற்றுக்கொண்ட சத்திரக்காரன். அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அவனைப் பற்றி ஒரு மறையுரையும் நாம் ஆற்றியதில்லை. வருகிற ஞாயிறு ஆற்ற எண்ணியிருக்கிறோம்.

இன்று நம் ஊர்களிலும் உலகம் வாசலுக்கு வந்துவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர் நம் வீடுகளைக் கட்டுகின்றனர். நம் உணவு விடுதிகளில் இலை எடுக்கின்றனர். அவர்களையும் நாம் மாநிலப் பெயராலோ வேறு பட்டப்பெயராலோதான் அழைக்கிறோம். அவர்களுக்கும் தாய் இட்ட பெயர் உண்டு. உங்கள் பிள்ளைகள் உலகக் குடிமக்களாக வளர வேண்டுமென்று விரும்பினால், வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் சாரம் கட்டி வேலை செய்யும் இளைஞனிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். அவன் பெயர் என்னவென்று கேட்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்ல வரும்வரை மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். பிறகு அவன் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று நீங்களே கேளுங்கள்.

நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. இனியேனும் கேட்கும் செவியையும், கேட்டபின் அடுப்பை மூட்டும் மனத்தையும் இறைவன் நமக்கு அருள்வாராக.